மலையேறும் மங்கையும் மதிப்பிட வந்தோரும்

'செலஸ்ட்' என்னும் வீடியோ விளையாட்டு பெற்ற திறனாய்வு

நூலைப் படித்து அதன் நலந்தீங்கு உரைப்பது பழைய கலை. நாடகத்தையும் திரைப்படத்தையும் கண்டு மதிப்பிடுவதும் பழகிப்போன தொழிலே. ஆனால், வீடியோ விளையாட்டை மதிப்பிடப் புகுவோர்க்கு மற்றவர்க்கு இல்லாத ஓர் இடர்ப்பாடு உண்டு. கவிதையைத் தவறாகப் படித்துவிட்டால், அது படிப்பவரைப் பிடித்துக் கீழே தள்ளுவதில்லை. நாடகம் விளங்காதவரை அரங்கத்தின் வாயிலுக்குத் திருப்பி அனுப்புவதும் இல்லை. விளையாட்டோ இரண்டையும் செய்யும். கை தவறினால் கதை நின்றுபோகும்; மீண்டும் முயன்றால்தான் மேலே நகரும். ஆதலால், விளையாட்டைப் பற்றி எழுதுபவர் படைப்பை மட்டும் எடைபோடுவதில்லை. தம் கையையும் பொறுமையையும் சேர்த்தே எடைபோடுகிறார்.

இந்த இடர்ப்பாடு தெளிவாக வெளிப்பட்ட இடம் ஒன்று உண்டு. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த 'செலஸ்ட்' என்னும் விளையாட்டுக்குக் கிடைத்த வரவேற்பே அது. மனப்பதற்றமும் மனச்சோர்வும் கொண்ட இளம்பெண் ஒருத்தி ஒரு மலையுச்சியை அடைய முயல்வதே அதன் கதை. பெருநிறுவனங்களின் துணையின்றிச் சிலர் கூடிச் செய்த அச்சிறு படைப்பு, அவ்வாண்டின் தலைசிறந்த விளையாட்டுகளுள் ஒன்றாக எண்ணப்பெற்றது. ஏன் எண்ணப்பெற்றது, திறனாய்வாளர்கள் அதில் எதைக் கண்டனர், எதைக் காணத் தவறினர் என்பன ஆராயத்தக்கவை.

தாவல் விளையாட்டின் வரலாறு

திரையில் ஓர் உருவம் திட்டு விட்டுத் திட்டு தாவி, பள்ளங்களைக் கடந்து, முட்களுக்குத் தப்பி முன்னேறும் விளையாட்டு வகையைத் தாவல் விளையாட்டு எனலாம். 1981ஆம் ஆண்டு ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ வெளியிட்ட 'டாங்கி காங்' இவ்வகைக்கு வழி திறந்தது. அதே நிறுவனத்தின் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 1985ஆம் ஆண்டு வெளிவந்து இவ்வகையை உலகெங்கும் பரப்பியது. அந்நாளில் கதை என்பது பெயரளவில்தான் இருந்தது. இளவரசியை மீட்க வேண்டும். அதற்காகத் தாவ வேண்டும். ஏன் தாவுகிறோம் என்று மாரியோவும் கேட்டதில்லை; அவனை ஆட்டுவித்த சிறுவர்களும் கேட்டதில்லை.

2008ஆம் ஆண்டையொட்டி நிலைமை மாறியது. இணையத்தின் வழியே விளையாட்டுகளை நேரே விற்க முடிந்ததால், ஒருவரோ இருவரோ கூடிச் செய்யும் சுயேச்சைப் படைப்புகள் பெருகின. அமெரிக்கரான ஜோனதன் புளோ 2008இல் வெளியிட்ட 'பிரெய்ட்', காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் ஆற்றலை விளையாடுவோர்க்குத் தந்து, செய்த தவற்றை அழிக்க விழையும் மனத்தின் கதையைச் சொன்னது. டென்மார்க்கில் உருவாகி 2010இல் வந்த 'லிம்போ', ஒரு சிறுவனைக் கறுப்பும் சாம்பலுமான காட்டில் நடக்கவிட்டு, ஒரு சொல்லும் பேசாமலே அச்சத்தை ஊட்டியது.

ஆயினும் உணர்ச்சியைச் சொல்ல வந்த விளையாட்டுகள் பலவற்றைப் பற்றி ஒரு குறை திரும்பத் திரும்ப எழுந்தது. கதை நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் விளையாட்டு கைக்கு இசையவில்லை என்பதே அக்குறை. 2012ஆம் ஆண்டின் 'பாப்போ அண்டு யோ' இதற்குத் தக்க சான்று. அதை ஆக்கிய வாண்டர் கபாலேரோ, குடிப்பழக்கத்துக்கு அடிமையான தம் தந்தையின் நினைவை ஒரு பூதத்தின் வடிவில் அமைத்தார். சாதுவாகச் சிறுவனுடன் உறவாடும் அப்பூதம், தவளையைத் தின்றவுடன் வெறிகொண்டு அச்சிறுவனையே தாக்கும். கதையைப் புகழ்ந்த திறனாய்வாளர்கள், அதன் இயக்கத்திலும் புதிர்களிலும் இருந்த தளர்ச்சியையும் மறைக்காமல் எழுதினர். உள்ளம் உண்டு, கை இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

மறுபுறம், கைத்திறனையே முதன்மையாகக் கொண்ட விளையாட்டுகளும் இருந்தன. 2010இல் வந்த 'சூப்பர் மீட் பாய்' நூற்றுக்கணக்கான முறை இறந்து இறந்து பிழைக்க வைக்கும் கடுமை உடையது. அங்கே வெற்றியின் களிப்பு உண்டு; நெஞ்சை உருக்கும் நோக்கம் அதற்கு இல்லை. இவ்வாறு நெஞ்சுக்கு ஒரு பக்கமும் கைக்கு ஒரு பக்கமுமாக வழி பிரிந்து நின்ற நாளில்தான் 'செலஸ்ட்' வந்தது.

மலையும் மங்கையும்

'செலஸ்ட்' விளையாட்டை முன்னின்று ஆக்கியவர்கள் கனடாவில் பணியாற்றிய மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் ஆவர். 2015ஆம் ஆண்டில் நான்கே நாள்களில் ஒரு சிறு மாதிரியாக அவர்கள் அதைச் செய்து பார்த்தனர். பின்னர் அது விரிந்து முழு விளையாட்டாயிற்று. சிறு சிறு வண்ணச் சதுரங்களால் ஆன அதன் சித்திரங்களில் பிரேசில் நாட்டு ஓவியர்களின் பங்கு பெரிது. இசை அமைத்தவர் லீனா ரெய்ன்.

மேடலின் என்பவள் கதைத்தலைவி. அவள் கனடாவில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட செலஸ்ட் மலையின் அடிவாரத்துக்கு வருகிறாள். ஏன் ஏற விரும்புகிறாள் என்பது அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. அங்குக் குடியிருக்கும் மூதாட்டி ஒருத்தி எச்சரிக்கிறாள்; கேலியும் செய்கிறாள். மலையில் ஒரு விந்தை உண்டு. ஏறுவோரின் உள்ளத்தில் ஒளிந்திருப்பதை அது வெளியே கொணர்ந்து முன்னே நிறுத்திவிடும். இரண்டாம் பகுதியில் ஒரு கண்ணாடி உடைகிறது. அதனுள்ளிருந்து மேடலினைப் போன்றே தோன்றும் மற்றோர் உருவம், ஊதா நிறக் கூந்தலோடு வெளிப்படுகிறது. 'உன்னால் ஆகாது, திரும்பிப் போ' என்று ஓயாது சொல்லும் உள்மனமே அது.

விளையாடுபவர்க்குத் தரப்பட்ட கருவிகள் மிகச் சில. குதிக்கலாம்; சுவரைப் பற்றி ஏறலாம்; காற்றில் இருக்கும்போது எட்டுத் திசைகளுள் ஒன்றில் ஒரு முறை பாயலாம். பாய்ச்சல் இருக்கும்வரை மேடலினின் கூந்தல் சிவப்பாக இருக்கும், பாய்ந்தபின் நீலமாகிவிடும். தரையைத் தொட்டால் மீண்டும் சிவக்கும். இவ்வளவுதான் இலக்கணம். இம்மூன்றைக் கொண்டு நூற்றுக்கணக்கான திரைகளைக் கடக்க வேண்டும். முள்ளைத் தொட்டால் மரணம். ஆனால் மரணத்துக்குத் தண்டனை இல்லை. கண் இமைப்பதற்குள் அதே திரையின் தொடக்கத்தில் மேடலின் மீண்டும் நிற்பாள். எத்தனை முறை இறந்தோம் என்று விளையாட்டு எண்ணிக் காட்டும். அந்த எண்ணிக்கையைக் கண்டு நாணாதே, அது நீ கற்ற பாடத்தின் அளவு என்று அதுவே ஆறுதலும் கூறும்.

வழியெங்கும் சிவந்த ஸ்ட்ராபெரிப் பழங்கள் தொங்குகின்றன. முதலில் வெளிவந்த விளையாட்டில் அவற்றின் தொகை 175. அரிதின் முயன்று பறித்தாலும் அவற்றால் ஆற்றல் கூடுவதில்லை. இறுதியில் மேடலின் செய்யும் பலகாரம் சற்றுச் சிறப்பாக அமையும், அவ்வளவே. பறிப்பதும் விடுப்பதும் ஏறுபவரின் விருப்பம்.

கையே நெஞ்சானது

2018ஆம் ஆண்டுத் திறனாய்வாளர்கள் ஒருமுகமாகப் பாராட்டியது எதை? கதையையும் பாராட்டினர், இயக்கத்தின் நேர்த்தியையும் பாராட்டினர். ஆனால் சிறந்த திறனாய்வுகள் இவ்விரண்டையும் பிரித்துப் பேசவில்லை. செலஸ்டின் கடுமையே அதன் கதை என்று அவை கண்டுகொண்டன. மேடலின் தன்னை நம்ப முடியாமல் தவிக்கிறாள் என்று வேறு விளையாட்டு வாயால் சொல்லும். இங்கு, நாற்பதாம் முறை அதே பள்ளத்தில் விழும்போது, தம்மை நம்ப முடியாத தவிப்பு ஆடுபவரின் நெஞ்சிலேயே எழுகிறது. நாற்பத்தோராம் முறை கடக்கும்போது மேடலின் பெறும் சிறு நம்பிக்கை ஆடுபவர்க்கும் உரியதாகிறது. கதைத்தலைவியின் உணர்ச்சியும் ஆடுபவரின் உணர்ச்சியும் ஒரே நேரத்தில், ஒரே காரணத்தால் பிறக்கின்றன.

இதற்குச் சான்றாக இரண்டு இடங்களைச் சொல்லலாம். நான்காம் பகுதியின் முடிவில், மேடலினும் தியோ என்னும் வழிப்போக்கனும் கம்பிவண்டியில் செல்கின்றனர். வண்டி நடுவானில் நின்றுவிடுகிறது. திரை இருள்கிறது; மேடலினுக்கு மூச்சு முட்டுகிறது. தியோ அவளிடம், ஓர் இறகை மனத்தில் எண்ணி, மூச்சினால் அதை மிதக்கவிடும்படி சொல்கிறான். அப்போது ஆடுபவர் பொத்தானை அழுத்தி விடுத்து, அழுத்தி விடுத்து, அவ்விறகை மெல்ல ஏற்றி இறக்க வேண்டும். பொத்தானின் ஏற்ற இறக்கமே மூச்சின் ஏற்ற இறக்கம் ஆகிறது. அதுவரை விரைந்து துடித்த விரல்கள் அங்குப் பொறுமை கற்கின்றன.

இவ்வளவோடு நின்றிருந்தால், மனநோய்க்கு மூச்சுப் பயிற்சி மருந்து என்று எளிதாகச் சொல்லிவிட்ட படைப்பாகவே அது முடிந்திருக்கும். ஆனால் ஆறாம் பகுதியில் அதே இறகை மேடலின் மீண்டும் நாடும்போது, அவளுடைய மறுவுருவம் சீற்றத்தோடு அவ்விறகை வெட்டி எறிகிறது. மேடலின் மலையின் அடியாழத்துக்கு வீழ்கிறாள். உள்ளத்தின் ஒரு பகுதியை விரட்டிவிட்டு உச்சிக்குப் போக நினைத்தாள். விரட்டப்பட்ட பகுதி அவளை விடவில்லை. மூதாட்டியின் சொல் கேட்டு, அவ்வுருவம் எதற்கு அஞ்சுகிறது என்று கேட்டறியத் துணிகிறாள். ஓடி ஒளியும் அதைத் துரத்திப் பிடித்து, இறுதியில் அணைத்துக்கொள்கிறாள்.

இவ்விடத்தில்தான் இரண்டாம் சான்று வருகிறது. இருவரும் இணைந்ததும், அதுவரை ஒரே பாய்ச்சல் உடைய மேடலினுக்கு இரண்டு பாய்ச்சல்கள் கிடைக்கின்றன. கூந்தல் இளஞ்சிவப்பாகிறது. உச்சியை நோக்கிய ஏழாம் பகுதியில், முன்னே கண்ட இடங்களின் சாயல்கள் மீண்டும் வருகின்றன. அன்று மலைக்க வைத்தவற்றை இன்று இரட்டைப் பாய்ச்சலில் கடக்கிறாள். தன்னை ஏற்றுக்கொள்வதால் வலிமை கூடும் என்ற கருத்தை விளையாட்டு வாயால் உபதேசிக்கவில்லை. ஆடுபவரின் விரலில் அந்த வலிமையை வைத்துவிடுகிறது. திறனாய்வாளர்களை வியக்கச் செய்தது இதுவே.

லீனா ரெய்னின் இசையும் இவ்வொற்றுமைக்குத் துணைபுரிந்தது. பியானோவின் மென்மையும் மின்னிசைக் கருவியின் அதிர்வும் மேடலினின் நிலைக்கேற்ப ஏறி இறங்குகின்றன. ஆடுபவர் நெருக்கடியான இடத்தை அணுகும்போது இசையின் அடுக்குகளும் கூடுகின்றன. அமெரிக்க இசையமைப்பாளர் சங்கமாகிய ஆஸ்காப், 2019ஆம் ஆண்டு இசையமைப்பாளர்களே தேர்ந்தெடுக்கும் விருதை இவ்விசைக்கு வழங்கியது.

பரிசுகளும் பாராட்டுகளும் குவிந்தன. புகழ்பெற்ற ஐ.ஜி.என். இதழ் பத்துக்குப் பத்து மதிப்பெண் அளித்தது. பல இதழ்களின் மதிப்பெண்களைச் சராசரி எடுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில், நிண்டெண்டோ ஸ்விட்ச் பதிப்புக்கு நூற்றுக்கு 92 கிடைத்தது. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த 'த கேம் அவார்ட்ஸ்' விழாவில், சிறந்த சுயேச்சை விளையாட்டு என்ற விருதும், சமுதாயப் பயன்மிக்க விளையாட்டுக்குரிய விருதும் அதற்குக் கிடைத்தன. ஆண்டின் தலைசிறந்த விளையாட்டு என்ற பட்டத்துக்கும் அது போட்டியிட்டது. அப்பட்டியலில் உடன் நின்றவை 'காட் ஆப் வார்', 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' போன்ற பெருஞ்செலவுப் படைப்புகள். பட்டம் 'காட் ஆப் வார்' விளையாட்டுக்குச் சென்றது. எனினும், யானைகள் நின்ற வரிசையில் ஒரு மான்குட்டியும் நின்றது என்பதே செய்தியாயிற்று. 2018 முடிவதற்குள் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட படிகள் விற்றன.

கடுமைக்குள் கருணை

இத்தனை கடுமையான விளையாட்டு எப்படி அன்பு நிறைந்ததாகத் தோன்றியது? இதற்கான விடையைப் பலர் கதையில் தேடினர். ஆனால் அதன் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாத கணக்குகளில் இருக்கிறது.

செலஸ்ட் ஆடுபவர்க்குத் தெரியாமலே அவர் தவறுகளை மன்னிக்கிறது. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் பட்ட பின்னரும், நொடியின் ஒரு சிறு கூறு வரை குதிக்கும் உரிமையை அளிக்கிறது. கேலிச்சித்திரப் படங்களில் மலைவிளிம்பைக் கடந்து ஓடியும், கீழே பார்க்கும்வரை விழாமல் நிற்கும் கயோட்டி என்ற ஓநாயின் பெயரால் இவ்வுத்தி தொழில் வட்டாரத்தில் வழங்குகிறது. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னரே பொத்தானை அழுத்திவிட்டால், அதை நினைவில் வைத்திருந்து, தரையைத் தொட்டதும் குதிக்கச் செய்கிறது. மேற்கூரையின் மூலையில் தலை மோதும்போது, உருவத்தைச் சற்றே ஒதுக்கி மேலே போகவிடுகிறது. சுவரை ஒட்டாமல் சிறிது விலகி இருந்தாலும் சுவரை உதைத்துத் தாவ இடந்தருகிறது. இவற்றைத் தோர்சன் பின்னாளில் வெளிப்படையாகவே விளக்கியுள்ளார்.

இவை செலஸ்டுக்கு மட்டும் உரிய உத்திகள் அல்ல. பல தாவல் விளையாட்டுகளில் உள்ளவையே. ஆயினும் இவற்றின் விளைவு இங்கு வேறு. மலை உன்னை வெறுக்கவில்லை, நீ ஏறுவதையே விரும்புகிறது என்ற உணர்வை இவை ஆடுபவர் அறியாமலே ஊட்டுகின்றன. கண்டிப்பான ஆசான், மாணவன் ஒரு மயிரிழையில் தவறும்போது கண்டும் காணாமல் இருப்பது போன்றது இது.

குறை கூறியோர்

பாராட்டு மழைக்கு இடையே குறை கூறியவர்களும் உண்டு. மலை என்பது மனத்தின் உருவகம் என்பதை விளையாட்டு மறைபொருளாக விடாமல் உரையாடல்களில் வெளிப்படையாகப் பேசிவிடுகிறது என்றனர் சிலர். 'லிம்போ' மௌனத்தால் சாதித்ததைச் செலஸ்ட் பேச்சினால் சாதிக்கிறது என்பது உண்மையே. ஆனால் மனப்பதற்றத்தின் இயல்பே, சொல்லாமல் அடக்கி வைப்பதால் வளர்வதாகும். தன் நிலையைப் பிறரிடம் வாய்விட்டுச் சொல்லக் கற்பதே மேடலினின் கதையாக இருக்கும்போது, அக்கதை மௌனமாக இருந்திருக்க முடியுமா என்பது எண்ணத்தக்கது.

அதே 2018ஆம் ஆண்டு டிசம்பரில், ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவிலிருந்து 'கிரிஸ்' என்னும் மற்றோர் உணர்ச்சிமிக்க தாவல் விளையாட்டு வந்தது. நீர்வண்ண ஓவியம் போன்ற அழகு. துயரத்தில் ஆழ்ந்த பெண். மரணமே இல்லாத பயணம். அதன் எழிலை எல்லாரும் புகழ்ந்தனர். ஆட்டத்தில் அழுத்தம் போதாது என்று சிலர் எழுதினர். துயரத்தைக் காட்சியாகக் காட்டும் வழி கிரிஸினுடையது. செயலாக அனுபவிக்கச் செய்யும் வழி செலஸ்டினுடையது. முதல் வழியில் ஆடுபவர் துயரத்துக்குச் சாட்சி. இரண்டாம் வழியில் அவர் அதற்குப் பங்காளி.

ஆனால் எல்லாவற்றினும் கூர்மையான கேள்வி வேறிடத்திலிருந்து வந்தது. கடுமையே கதை என்றால், அக்கடுமையைத் தாங்க முடியாதவர்க்குக் கதை இல்லையா?

உதவி முறையும் எழுந்த விவாதமும்

இக்கேள்விக்குப் படைப்பாளிகள் ஒரு விடையை விளையாட்டினுள்ளேயே வைத்திருந்தனர். 'உதவி முறை' என்பது அதன் பெயர். அதை நாடுவோர், விளையாட்டின் வேகத்தைப் பாதி வரை குறைத்துக்கொள்ளலாம், சுவரைப் பற்றும் வலிமை தளராமல் வைத்துக்கொள்ளலாம், பாய்ச்சல்களைக் கூட்டலாம், மரணமே இல்லாமலும் செய்துகொள்ளலாம். 'எளிது', 'கடினம்' என்று இரண்டு மூன்று படிகளாகப் பிரிக்கும் பழைய வழக்கத்தை விடுத்து, எந்த இடத்தில் எவ்வளவு உதவி வேண்டும் என்பதை ஆடுபவரே தீர்மானிக்க விட்டதுதான் இதன் புதுமை. உதவி பெற்றவர்க்குக் கதையின் எப்பகுதியும் மறுக்கப்படவில்லை, கேலியும் இல்லை.

இது சாதாரணச் செய்தி அன்று. ஒரு நூலை நொண்டிக் கையுடையவரும் புரட்டலாம். பார்வையற்றவர்க்குப் பிறர் படித்துக் காட்டலாம். விளையாட்டோ விரல்களின் விரைவை நுழைவுக் கட்டணமாகக் கேட்கிறது. உடற்குறையால் விரல் விரையாதவர், மேடலின் தன் மறுவுருவத்தை அணைத்துக்கொள்ளும் காட்சியை ஒருநாளும் காணாமலே போகக்கூடும். மனத்துயரில் உழல்வோர்க்கு ஆறுதலாக எழுதப்பட்ட கதை, அவர்களுள் ஒரு சாரார்க்குக் கதவடைத்துவிட்டால், அது தன் நோக்கத்தையே மறுத்ததாகும்.

2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜப்பானியரின் 'செகிரோ' என்னும் கடுமையான வாட்போர் விளையாட்டு வெளிவந்தபோது இவ்விவாதம் பெரிதாக மூண்டது. அதில் எளிய முறை எதுவும் இல்லை. எளிய முறை சேர்த்தால் படைப்பாளியின் நோக்கம் கெடும் என்றனர் ஒரு சாரார். செலஸ்டைப் பாருங்கள், உதவி முறை இருந்தும் அதன் பெருமை குன்றவில்லையே என்றனர் மறுசாரார். ஓராண்டுக்கு முன் நெஞ்சை உருக்கும் கதையாக மட்டும் பேசப்பட்ட விளையாட்டு, இப்போது ஒரு கொள்கைக்குச் சான்றாக நின்றது.

விந்தை யாதெனில், அச்சான்றிலேயே ஒரு குறை இருந்தது. உதவி முறையைத் திறக்கும்போது தோன்றிய முன்னுரை, விளையாட்டின் கடுமை அனுபவத்துக்கு இன்றியமையாதது என்றும், முதன்முறை உதவியின்றியே ஆடுவது நல்லது என்றும் கூறியிருந்தது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட சொற்களே அவை. ஆனால் உதவியின்றி ஒருநாளும் ஆட முடியாதவர் அவற்றைப் படித்தால், தமக்குக் கிடைப்பது உண்மையான அனுபவம் அன்று, இரண்டாந்தர அனுபவமே என்றுதான் பொருள்கொள்வார். இக்குறை எடுத்துக்காட்டப்பட்டபோது படைப்பாளிகள் வாதாடவில்லை. 2019ஆம் ஆண்டிலேயே அம்முன்னுரையைத் திருத்தி எழுதினர். சில வரிகளே மாறின. ஆனால் அம்மாற்றத்தின் பொருள் பெரிது.

இவ்விவாதம் திறனாய்வாளர்க்கும் ஒரு பாடம் புகட்டியது. கடுமையே கதை என்று 2018இல் கூறியபோது, கடுமையை மலையின் உயரம் போல நிலையான ஒன்றாகவே பலர் கருதினர். உண்மையில் கடுமை என்பது மலையில் மட்டும் இல்லை. மலைக்கும் ஏறுபவர்க்கும் இடையே உள்ளது. பழகிய கை ஒரு மூச்சில் கடக்கும் திரையை, நடுங்கும் கை பாதி வேகத்தில் நூறு முறை முயன்று கடக்கலாம். பின்னவர் ஏறிய மலை முன்னவர் ஏறிய மலையினும் உயர்ந்ததே அன்றித் தாழ்ந்தது அன்று. அப்படியானால் உதவி முறை கதையைக் குலைக்கவில்லை. அவரவர்க்குரிய உயரத்தில் அதே கதையை வைத்திருக்கிறது.

படைப்பாளியும் அறியாத பொருள்

2019ஆம் ஆண்டு செப்டம்பரில், 'பிரிவுரை' எனப் பொருள்படும் 'ஃபேர்வெல்' என்ற ஒன்பதாம் பகுதி விலையின்றி வெளியிடப்பட்டது. மறைந்த மூதாட்டியை எண்ணித் துயருறும் மேடலினின் கதை அது. அதன் முடிவில் அவளுடைய அறை காட்டப்படுகிறது. அங்கிருந்த சிறு கொடிகளையும் பிற பொருள்களையும் கண்ட பலர், மேடலின் ஒரு திருநங்கையாக இருக்கக்கூடும் என்று கருதினர். அதற்கு முன்னரே, கண்ணாடியிலிருந்து மற்றோர் உருவம் வெளிப்படும் கதையில் தம் வாழ்வைக் கண்ட திருநங்கையர் பலர் இருந்தனர்.

2020ஆம் ஆண்டு நவம்பரில் மேடி தோர்சன் ஒரு கட்டுரை வெளியிட்டு, அக்கருத்து சரியே என்று உறுதிசெய்தார். அதனினும் வியப்பான செய்தி ஒன்றையும் அவர் எழுதினார். செலஸ்டை ஆக்கிக்கொண்டிருந்த காலத்தில் மேடலின் திருநங்கை என்பதை அவரும் அறிந்திருக்கவில்லை; தாம் அவ்வாறானவர் என்பதையும் அறிந்திருக்கவில்லை. விளையாட்டை ஆக்கியதும், அதை ஆடியவர்களின் மறுமொழியும், பின்னர் ஒன்பதாம் பகுதியை எழுதியதுமே அவ்வுண்மையை அவருக்குச் சிறிது சிறிதாக உணர்த்தின. ஏன் ஏறுகிறோம் என்று அறியாமலே மலையேறத் தொடங்கிய மேடலினைப் போலவே, அவளைப் படைத்தவரும் ஏறியிருக்கிறார்.

இச்செய்தி வெளிவந்தபின் 2018ஆம் ஆண்டுத் திறனாய்வுகளைத் திரும்பப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். மனப்பதற்றம், மனச்சோர்வு என்ற சொற்களோடு அவற்றுள் பெரும்பாலானவை நின்றுவிட்டன. அவை பொய்யல்ல, மேடலின் தன் வாயால் சொன்னவை அவையே. ஆனால் பதற்றத்தின் வேர் எங்கே என்று கேட்டவர்கள் மிகச் சிலர். மதிப்பெண் இட்ட திறனாய்வாளர்கள் காணாததை, பெயர் தெரியாத ஆட்டக்காரர்கள் தம் சொந்த வாழ்வின் ஒளியில் கண்டுவிட்டனர். நூலறிவால் கிட்டாத பொருள் வாழ்வறிவால் கிட்டியது.

இதனால் முன்னைய திறனாய்வுகள் பயனற்றவை ஆகிவிட்டனவா? இல்லை. கையும் நெஞ்சும் ஒன்றான வடிவத்தை அவை சரியாகவே கண்டன. அந்த வடிவம் உறுதியாக இருந்ததால்தான் பல்வேறு வாழ்வுடையோர் அதனுள் தம் சுமையை வைத்து ஏற முடிந்தது. பதற்றமுடையவர்க்கு அது பதற்றத்தின் கதை. உடற்குறையுடையவர்க்கு அது உடலோடு போராடும் கதை. தன் உண்மை உருவை மறைத்து வாழ்ந்தவர்க்கு அது அவ்வுருவை அணைத்துக்கொள்ளும் கதை. மலை ஒன்றே, ஏறுவோர் பலர்.

2020ஆம் ஆண்டுத் தொடக்கத்திற்குள் பத்து லட்சம் படிகளைத் தாண்டிய இச்சிறு விளையாட்டு, தாவல் விளையாட்டும் மனித உள்ளத்தின் ஆழத்தைப் பேச வல்லது என்பதை நிறுவியது. வீடியோ விளையாட்டைச் சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோரும், மதிப்பெண்ணால் மட்டும் அளப்போரும் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நலம். நூலுக்கு உரை எழுதுவோர் பலராயினும் மூலம் எல்லார்க்கும் ஒரே எழுத்தில் இருக்கும். விளையாட்டின் மூலமோ ஒவ்வொருவர் கையிலும் புதிதாக எழுதப்படுகிறது. ஆதலால், தம் கையை அளவுகோலாகக் கொண்டு மலையை அளக்கும் திறனாய்வாளர், பிறர் கைகள் அளந்து வந்த கணக்கையும் கேட்டறிதல் வேண்டும். செலஸ்டுக்கு 2018இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, அதன்பின் வந்த ஆண்டுகளில் அவ்வாறு கேட்டறியப்பட்டதனால்தான் முழுமை பெற்றது.